துணைக்கு வந்த ஊர்

அம்சவேணி பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். இடது கையில் பனியன், வலது கையின் இரண்டு விரலுக்குள் சின்னக் கத்தரி. கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று நீட்டிக்கொண்டிருக்கிற நூலையெல்லாம் நறுக்கி, அப்புறம் உள்பக்கம் வெளியே வரும்படி பனியனைப் புரட்டி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே போட்டு, இல்லாவிட்டால் டஜன் டஜனாக அடுக்கிக் கட்டிவிட்டு அடுத்ததை எடுப்பாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள்தான், ஆனாலும் திருப்பூரில் அந்தக் காம்பவுண்டின் எட்டு வீட்டிலும் அவளைப்போலக் குறை கண்டுபிடிக்கிற கண் யாருக்கும் இல்லை. கண்ணுக்கு இருந்த தைரியம் வாய்க்கு இல்லை. குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு இன்னொருத்தி தண்ணீர் பிடித்தாலும், பேசாமல் நின்று, அவள் போன பிறகு பிடித்துக்கொள்வாள்.

அன்றைக்கு வாசலில் டூர் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆயுத பூசைக்குக் கம்பெனிகள் மூடுகிற லீவில் காம்பவுண்டே சேர்ந்து இரண்டு நாள் வேனில் போய்வருவது வழக்கம். வேன் பிடிப்பது முதல் வீட்டு ராசாமணியக்கா. டிரைவருக்குப் பக்கத்து சீட்டும் அவளுடையதுதான். இருபது வருஷமாக அந்தக் கண்ணாடி வழியாக அவள் பார்க்காத மலையும் இல்லை, கோபுரமும் இல்லை. அம்சவேணி கல்யாணமாகி வந்த பிறகு ஆறு வேன் போயிருந்தது, ஆறிலும் அவள் ஏறவில்லை. பஸ், கார், வேன், ஷேர் ஆட்டோ எதுவானாலும், சக்கரம் உருளுவதற்கு முன்னாலேயே, சீட்டு வாசம் மூக்கில் ஏறின உடனேயே, குடல் புரண்டு வாய்க்கு வந்துவிடும். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் காரில் வந்து இறங்கினவளை ஆரத்திக்கு நிறுத்த முடியாமல் நேராகக் குழாயடிக்குத்தான் கூட்டிப் போனார்கள். ரயில் மட்டும் அவளை ஒன்றும் செய்யாது, ஆனால் ரயில் வீட்டு வாசலுக்கு வராது, பாட்டுப் போடாது, நினைத்த இடத்தில் நிறுத்தாது என்று காம்பவுண்டில் யாருக்கும் அது பிடிக்காது. அவள் புருஷன் பூபதி முதல் இரண்டு வருஷம் அவளுக்காக டூருக்குப் போகாமல் இருந்தான். அப்புறம் அவளே சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

மகள் தாரிணிக்கு இந்த வருஷம் ஐந்து வயது. இதுவரைக்கும் அம்மாவோடு இருந்த பிள்ளை. ராசாமணியக்கா நல்ல மனசோடுதான் சொன்னாள், பிள்ளையைத் தன் மடியிலேயே வைத்து ஊட்டிக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுவதாகவும், அம்சவேணி வழக்கம்போல எட்டு வீட்டுச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டால் போதுமென்றும். பனியன் குவியல்மேல் உட்கார்ந்திருந்த தாரிணி அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டினாள்.

“நீ ஊட்லயே இரு கண்ணு. நான் போயி எல்லாத்தயும் பாத்துப்போட்டு வந்து உனக்குச் சொல்றேன்.”

வாசலே சிரித்தது. அம்சவேணிக்குக் கத்தரி நழுவி விரலில் பட்டது. பிள்ளை போய்ப் பார்த்து வந்து சொல்லும், இவள் கேட்பாள், அடுத்த வருஷமும் சொல்லும், அதற்கடுத்த வருஷமும் சொல்லும், பிறகு ஒரு வருஷம் சொல்வதற்கும் அதற்கு நேரமில்லாமல் போய்விடும் என்று எல்லாமே வரிசையாக அவளுக்குத் தெரிந்தது. ரத்தம் வந்த விரலை வாயில் வைத்து எடுத்துவிட்டு, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவள் பேசினாள்.

“நடந்தே பாக்கற ஊரா இருந்தா நானும் வருவனுங்க்கா. ரயில்ல போயி எறங்கி, நடந்தே சுத்திப் பாத்துட்டு, நடந்தே வந்து ரயிலேறற ஊரு.”

குழாயில் வந்துகொண்டிருந்த தண்ணீர்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி வந்தது. ராசாமணியக்கா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். வண்டியே வேண்டாத ஊர் இந்தத் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது என்று அம்சவேணியே பார்த்துச் சொல்லட்டும், ஆயுத பூசைக்கு முந்தின ஞாயிறு வரைக்கும் தவணை, அதற்குள் கிடைக்கவில்லையென்றால் வேன் வரும், தாரிணி அதில் ஏறுவாள், அதற்குப் பிறகு பேச்சே கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எட்டாவது வீட்டில் கல்யாணத் தரகர் அவிநாசியப்பன் இருந்தார். பெண் பார்த்துக் கொடுக்கிறவனுக்கு ஊர் பார்த்துக் கொடுக்கத் தெரியாதா என்று அவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, அன்றைக்கே தபால் கார்டுகளை வாங்கிவந்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தனக்குத் தெரிந்த ஊர்களுக்கெல்லாம் எழுதினார். முப்பது வருஷமாக ஒரே மாதிரி எழுதிப் பழகிய கை. அந்தக் கை தானாகவே எழுதியது: ‘தங்களைப் பற்றி நல்லவிதமாகக் கேள்விப்பட்டோம். எங்கள் தரப்பில் வண்டி ஏற முடியாத சூழ்நிலை. ஆகையால் தாங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில் நேரில் வந்து காட்டிச் செல்லவும்.’ பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் ஊர் எப்படி வரும் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வெசனப்பட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொடைக்கானல் வந்தது.

காம்பவுண்டுக்குப் பின்னால் சீமைக் கருவேலம் மண்டிக்கிடந்த காலி இடத்தில் வந்து நின்றது. ஏரியும் படகும் குதிரையும் கேரட்டுக் கூடையும் பனிமூட்டமும் எல்லாமாக வந்திருந்ததால், காயப்போட்டிருந்த துணியெல்லாம் நனைந்து, எட்டு வீட்டிலும் போர்வையைத் தேடினார்கள். வந்துவிட்டது, இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வியாக இருந்தது, எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. விருந்தாக வந்த ஒரம்பரை வாசலில் நிற்கும்போது அதையெல்லாம் கேட்பது மரியாதையுமில்லை. வந்திருக்கிற ஊர் பெண்வீடா மாப்பிள்ளை வீடா, கேசரியும் பஜ்ஜியும் யார் போட வேண்டும் என்று வாசலில் பெரிய வாக்குவாதம் நடந்தது. நம் இடம் தேடி வந்ததற்கு நாம்தான் கொடுக்க வேண்டும் என்று அவிநாசியப்பன் முடிவுசெய்தார். ஊருக்குக் காப்பி எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல், ஒரு அண்டா நிறையப் போட்டு, ஊரின் முதல் தெரு தொடங்குகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். அரைமணி கழித்துப் பார்த்தால் அண்டா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நல்ல குடும்பத்து ஊர் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

பார்க்க வேண்டியவள் அம்சவேணி. அவளைப் பூபதி வீட்டார் பார்க்க வந்தபோது, கூடத்தில் எட்டு அடி நடக்கச் சொல்லி, காலில் குறையில்லை என்று தெரிந்துகொண்டு போனார்கள். அந்தக் காலுக்கு எங்கே நடக்க ஆசை என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு ஊரை எப்படிப் பார்ப்பதென்று தெரியாது, பனியனைப் பார்க்கத் தெரியும். அதனால் பனியனைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். முன்பக்கம் காட்டியதையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு, உடனே பின்தெருவுக்குள் நுழைந்து ஊரை உள்பக்கமாகப் புரட்டி, நடைபாதை எங்கே அறுந்துபோகிறது, சாக்கடை மூடி எங்கே வாய் பிளந்திருக்கிறது, எந்த வளைவில் வண்டி தெரியாமல் வந்து நிற்கிறது என்று தேடி, குறை கண்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினாள். கடைசியாகத் தாரிணியின் கையை விட்டுவிட்டு, பிள்ளை தனியாக எத்தனை அடி நடக்கிறது என்று டஜன் கணக்கில் எண்ணினாள். கொடைக்கானலில் ஏரிக்கரையில் இரண்டு டஜன் அடி வைப்பதற்குள் ஒரு ஜீப் வந்துவிட்டது, அவள் கை தானாகப் பாய்ந்து பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. மேடு வேறு, ஏறி முடிப்பதற்குள் பூபதிக்கே மூச்சு வாங்கியது. கொடைக்கானல் பதினோரு ஸ்டிக்கரோடு பொழுது சாயுமுன் திரும்பிப்போனது. அது நின்ற இடத்தில் கருவேல மரங்கள் ஒரு வாரம் நடுங்கிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் வரும் என்பது தெருவுக்குப் பழகிவிட்டது. கறிக்கடைக்காரர் சனிக்கிழமையே கறி போட்டுவிட்டார். எதிர்த்த டீக்கடையில் இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டார்கள். மாநகராட்சியிலிருந்து டேப்போடு வந்த ஒருவர், காலி இடத்தில் அனுமதியில்லாமல் ஊர் நிற்பதாக நோட்டீஸ் எழுதி, அதை எந்தக் கதவில் ஒட்டுவது என்று தெரியாமல் தேடித் தேடி அந்த ஊருக்குள்ளேயே போய், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார். சென்னை வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைகூட நேரமில்லை என்று பதில் எழுதி, வெளிநாட்டு மாப்பிள்ளை மாதிரி ஒரு போட்டோ மட்டும் அனுப்பிவைத்தது. போட்டோவைப் பார்த்துச் சம்மதம் சொல்கிற காலமெல்லாம் போயாச்சு என்று அவிநாசியப்பன் அதை ஓரமாக வைத்துவிட்டார்.

மதுரை வந்தபோது திருவிழாதான். துணைக்கு இரண்டு சின்ன ஊர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. பெண் பார்க்கிற இடத்துக்குத் துணைக்கு வருகிற தங்கச்சிமார் போல அவை ஓரமாக நின்று காப்பி குடித்தன, வழக்கப்படி அவற்றை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மல்லிகை வாசம் ரயில்வே கேட் வரைக்கும் அடித்தது. நடந்துகொண்டே வாழைப்பழம் விற்ற ஒரு ஆள், இன்றைக்கு எந்த ஊரில் நிற்கிறோம் என்று கேட்டு, திருப்பூர் என்றதும், அப்படியா, என் மச்சினன் இங்கேதான் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான் என்று சொல்லி விலாசம் விசாரித்துப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். காம்பவுண்டே மதுரைக்குச் சரி சொல்லிவிட்டது. அம்சவேணி கையை விட்டு எண்ணினாள். அரை டஜன் அடி. ஆறாவது அடியில் ஒரே நேரத்தில் மூன்று பக்கம் ஹாரன் அடித்தது. ஆசையாகத்தான் இருந்தது அவளுக்கும்; ஆனாலும் ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினாள், ஒட்டும்போது மன்னிச்சுக்கோ சாமி என்று மெதுவாகச் சொன்னாள்.

இப்படியே வந்த ஊரெல்லாம் ஸ்டிக்கரோடு திரும்பிப்போக, தெருவில் எல்லாரும் அவளைத் திட்டவும் தொடங்கினார்கள். வண்டியில் ஏறத் தெரியாதவளுக்கு எவ்வளவு வாய் பார் என்றார்கள். வரனுக்கு வரன் குறை சொல்லிக் கடைசியில் முதிர்கன்னியாக நிற்கப் போகிறாள் என்று குழாயடியில் கேலி பேசினார்கள். ராசாமணியக்கா அந்தக் கேலியில் சேராமல், தாரிணிக்கு ஊட்டிக்குப் போட்டுப் போக ஒரு கம்பளிக் குல்லா மட்டும் வாங்கிக்கொண்டு வந்து தலையில் மாட்டிப் பார்த்தாள். அது பிள்ளைக்குச் சரியாக இருந்தது. அம்சவேணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் வந்தது.

அதன் பெரிய கோபுரத்தின் நிழல் எட்டு வீட்டுக் கூரையையும் தாண்டிப் பனியன் கம்பெனி சுவரில் விழுந்தது. ராசாமணியக்காவே வாசற்படியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இதற்கும் குறை சொன்னால் அம்சவேணிக்குக் கண்ணில்தான் குறை என்றார்கள். அம்சவேணி கோயில் பிரகாரத்தில் கையை விட்டாள், பிள்ளை ஏழு டஜன் அடி நடந்தது, எண்ண எண்ண அவளுக்கு நெஞ்சு பொங்கியது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினாள். அங்கே புடவை முந்தானையைச் சரிசெய்ய ஒரு நொடி கையை எடுத்தாள். திரும்பிப் பார்த்தால் தாரிணி இல்லை.

பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அவள் ஓடின ஓட்டத்தை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. புகை வாசத்தில் குடல் புரண்டது, புரண்டால் புரளட்டும் என்று ஓடினாள். சக்கரங்களுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே ஓடி ஓடித் தஞ்சாவூரே முடிந்துபோகிற இடத்துக்கு வந்துவிட்டாள். அங்கே, ஒரு ஓரமாக, காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு நிற்கிற பெண்ணைப்போல, தஞ்சாவூருக்குத் துணைக்கு வந்த ஒரு சின்ன ஊர் நின்றிருந்தது.

ஒரே நடைமேடை வைத்த ரயிலடி. அதில் நாவல்துறை என்று எழுதியிருந்தது. ரயிலடியிலிருந்து ஒரு நீளத் தெரு, தெரு முடிகிற இடத்தில், திருப்பூர்ச் சாயத் தண்ணீர் ஓடுகிற ஓடை இருக்க வேண்டிய இடத்தில், கடல். எதிரெதிரே குடத்தோடு வருகிற இரண்டு பேர் ஒருக்களித்துத்தான் கடக்க முடியும் என்கிற அளவுக்கு ஒடுக்கமான தெரு. என்றைக்கோ அதற்குள் நுழையப் பார்த்த ஒரே ஒரு லாரி நடுவிலேயே சிக்கிக்கொண்டு, பின்னுக்கும் போகாமல் முன்னுக்கும் வராமல், இப்போது அதற்குள் ஒரு இட்லிக் கடை நடந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவின் நடுவில், பட்டப்பகலில், கையில் ஒரு வெள்ளரித் துண்டோடு, யார் கையையும் பிடிக்காமல், தாரிணி நடந்துபோய்க்கொண்டிருந்தாள்.

அம்சவேணி கை நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். பாய்ந்தவள் பாதியில் நின்றாள். தெருவில் சக்கரமே இல்லை. பிள்ளைக்கு முன்னால் ஒரு கோழி போனது, பின்னால் மீன் கூடைக்காரி ஒருத்தி வந்தாள், பிள்ளை நின்றால் அவளும் நின்று, நடந்தால் நடந்து, இடிக்காமல் வந்தாள். ஒரு வீட்டு வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவள், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மூக்கைத் துடைத்துவிட்டாள். நீட்டின கையை மெல்ல மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்சவேணி பின்னாலேயே போனாள். இரண்டு டஜன், ஏழு டஜன், இருபது டஜன், ஐம்பது டஜன் என்று எண்ணிக்கொண்டே போனாள். அறுபதுக்குப் பிறகு கணக்கு விட்டுப்போயிற்று, அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணிக்கை விட்டுப்போனதற்கு அவள் வருத்தப்படவில்லை. கடல் வந்து பிள்ளையின் காலைத் தொட்டது.

அதன் பிறகும் அவள் சும்மா விடவில்லை. ஊரை உள்பக்கமாகப் புரட்டினாள், பின்தெரு, முட்டுச்சந்து, சாக்கடை, குழாயடி ஒன்று விடாமல் பார்த்தாள். பார்த்து முடித்ததில் ஒரே ஒரு இடத்தில், இட்லிக் கடைக்குப் பக்கத்தில், ஒரு பலகைக்கல் ஆடியது. ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நிமிர்ந்தாள். உள்ளே இட்லி ஊற்றிக்கொண்டிருந்த ஆள் இறங்கிவந்து, ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, ஆமாம்மா, ரொம்ப நாளாகவே ஆடுகிறது என்று சொல்லி, நாலு செங்கல் சில்லை அடியில் தட்டி இறுக்கிவிட்டுப் போனார். ஆடவில்லை. அம்சவேணி ஸ்டிக்கரைத் திரும்ப உரித்து எடுத்தாள்.

காம்பவுண்டுக்கு வந்து சொன்னபோது பெரிய ரகளை ஆகிவிட்டது. அவிநாசியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தே போனார்.

“பாக்க வந்த பொண்ண உட்டுப்போட்டு, தொணைக்கு வந்தவளக் கேக்கறதா அம்முணி? நான் எந்த மொகத்தோட அந்தப் பெரிய ஊரு முன்னால போயி நிக்கறது?”

முப்பது வருஷத்தில் நடக்காத கேவலம் என்றார் அவர். அதனால்தான் துணைக்கு வருகிறவளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்றும், பார்க்கத் தெரியாதவளைப் பார்க்கவிட்டது தன் தப்பு என்றும் புலம்பினார். ராசாமணியக்காவோ, பெயர் கேட்டறியாத ஊருக்குப் போய்வந்து என் நாத்தனாரிடம் என்னவென்று சொல்வது, எதைப் பார்த்தேன் என்று சொல்வது, தவணை முடிந்தது, வேன்தான் என்று கைவளையல் குலுங்கச் சொல்லிவிட்டு எழுந்தாள். தாரிணி குல்லாவைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அம்சவேணி வழியை மறித்து நின்றாள்.

“எதப் பாத்தேன்னு சொல்றது இருக்கட்டுமுங்க்கா. இருபது வருசமா போயிட்டு வர்றீங்களே, ஒருக்காலாச்சும் வேன உட்டு எறங்குனீங்களா?”

ஆறு வருஷமாக எட்டு வீட்டுச் சாவியோடு வாசலில் நின்று, டூர் முடிந்து வருகிறவர்களின் செருப்பையெல்லாம் எடுத்து அடுக்கியவள் அவள். ஒருத்தர் செருப்பில் மலைச்சேறு இருக்கும், ஒருத்தர் செருப்பில் கோயில் சுண்ணாம்பு இருக்கும், ராசாமணியக்கா செருப்பின் அடி மட்டும் போனபோது இருந்த மாதிரியே வழித்துத் துடைத்தாற்போல இருக்கும். குறை பார்க்கிற கண்ணுக்கு அது முதல் வருஷமே தெரிந்துவிட்டது, சொல்லத்தான் வாய் இல்லை. ராசாமணியக்காவின் முழங்கால் இரண்டும் எப்போதோ தேய்ந்துபோயிருந்தன. எல்லாரும் இறங்கிப் போய்ப் பார்த்து வருகிற வரைக்கும், டிபன் கூடைக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு, அவள் கண்ணாடிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பாள்.

அவள் கண் நிறைந்துவிட்டது. திட்டப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

“அது எப்படி நடப்பேன்? நடந்தா உக்காரோணும். எங்க உக்கார்றது நடுரோட்ல?”

“அந்த ஊர்ல மூணு டஜன் அடிக்கு ஒரு கல்லு கெடக்குதுங்க்கா, உக்காரத் தோதா. எண்ணிப்போட்டுத்தான் வந்தேன். வாங்க, என்ற கையப் புடிச்சுக்கங்க.”

தஞ்சாவூரின் ஓரமாகவே சுற்றி, எட்டு வீடும் பின்னால் வர, ராசாமணியக்கா அம்சவேணியின் கையைப் பிடித்துக்கொண்டு நாவல்துறைக்குள் போனாள். மூன்று டஜன் அடி நடந்தாள், கல்லில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஒருத்தி முழங்கால் வலியா என்று கேட்டு, தன் முழங்காலைப் பற்றிச் சொல்லத் தொடங்க, இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி மூன்று டஜன் அடி, மறுபடி கல். ஒரு கல்லில் மோர் வந்தது. ஒரு கல்லில், நாத்தனார்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள் என்று தெரியவந்தது. இட்லிக் கடையில் லாரியில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காரச் சொன்னார்கள், வேண்டாம், அந்தப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கீழேயே நின்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். கல்லும் நடையும் கல்லும் நடையுமாகத் தெரு ஒரு நேரத்தில் நின்றுபோயிற்று, அடுத்த கல்லைத் தேடி அவள் காலை நீட்டினாள், கால் ஈரத்தில் பட்டது. குனிந்து பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதில் தன் காலாலேயே கடலுக்கு வந்துவிட்டிருந்தாள்.

அலை வந்து செருப்பை நிறைத்துக்கொண்டு போனது. அவள் கழற்றவில்லை. நனைந்த செருப்போடு அப்படியே நின்று, கடலைப் பார்த்தபடியே, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

“வேன்காரனுக்குப் போனப் போடுங்க. இந்த வருசம் வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க.”

அவிநாசியப்பன் வெற்றிலைத் தட்டோடு தஞ்சாவூர் முன்னால் போய் நின்று, எச்சில் முழுங்கி முழுங்கிச் சொல்லி முடித்தார். அது அசையாமல் கேட்டது. எத்தனையோ பேரைப் பார்த்த ஊர், இதற்கெல்லாம் முகம் சுளிக்குமா. கேசரியைச் சாப்பிட்டு, காப்பி அண்டாவைக் கழுவி வைத்து, கோயில் மணிச் சத்தத்தை மட்டும் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் காம்பவுண்டிலேயே விட்டுவிட்டு, நாவல்துறையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்பியது. போகும்போது துணைக்கு வந்த ஊர்தான் முன்னால் போனது, பெரிய ஊர் அதற்குத் துணையாகப் பின்னால் போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் எட்டு வீடும் பூட்டிக்கொண்டு கிளம்பியது. சாவியை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அவரவர் இடுப்பில் செருகிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்து அடுத்த காம்பவுண்டும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, வண்டி ஆகாதவர்களும் முழங்கால் தேய்ந்தவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் இத்தனை பேர் இந்த ஊரில் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று ஆச்சரியப்படும்படி முந்நூறு பேர் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்கள். மேம்பாலத்துக்கு அடியில் பஸ்ஸும் காரும் ஆட்டோவும் ஹாரன் அடிக்காமல் நின்று வழிவிட்டன. முன்னால் அம்சவேணி போனாள். எலுமிச்சம்பழம் ஒன்று பூபதி வற்புறுத்திக் கொடுத்திருந்தான், முகர்ந்து பார்க்க. ரயிலில் அது யாருக்கும் தேவைப்படாமல், கரூர் தாண்டியதும் யாரோ ஒருத்தர் புளிசாதத்துக்குத் தொட்டுக்கொள்ள உப்புப் போட்டு நறுக்கிவிட்டார்கள்.

சாயங்கால வெயிலில் நாவல்துறையில் இறங்கினார்கள். வீட்டுக்கு வீடு வாசல் தெளித்திருந்தது. நம் காப்பியைக் குடித்த ஊர் நம்மை மறக்குமா என்று அவிநாசியப்பன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முந்நூறு பேரும் ஒருக்களித்து ஒருக்களித்துத் தெருவுக்குள் நுழைந்து, லாரியைத் தாண்டி, தெரு இரண்டாகப் பிரிகிற இடத்தில் வந்து நின்றார்கள். ராசாமணியக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் போவது என்று அம்சவேணியைக் கேட்டாள். மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். குழாயடியில் குடத்தை நகர்த்தி வைக்கிறவளும் பார்த்தாள். இத்தனை கண் ஒரே நேரத்தில் தன்மேல் நிற்பது அம்சவேணிக்குக் கூசியது; கூசினாலும் நிமிர்ந்துகொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்லத் தொடங்கினாள்.

“இடது பக்கம் போனா நேரா கடலுங்க. வலது பக்கம் கொஞ்சம் சுத்து, ஆனா அந்தச் சந்துல ஒண்ணு இருக்குது பாருங்க, அத நான் மட்டுந்தான் பாத்தேன், அது என்னன்னா—”

“அம்மோவ், வா, வந்து பாரு!” என்று தெருக்கோடியிலிருந்து தாரிணி கூப்பிட, சொல்ல வந்ததை அப்படியே முந்நூறு பேர் நடுவில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், யாரையும் திரும்பிப் பார்க்காமல், அம்சவேணி ஓடினாள்.